யார் கண்ணுக்குக் காட்டுவது? சோழமண்டலம்: தருமபுரியிலிருந்து ஒரு பார்வை

ஒரு கலைஞர் சங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பெரிய பெயர்களைத் தேடிப் போகிறது. யார் என்ன விருது வாங்கினார், எந்த நாட்டில் கண்காட்சி வைத்தார், எந்தப் படம் என்ன விலைக்குப் போனது. இதெல்லாம் தனி ஆட்களின் கதை. சங்கம் என்பது பத்து முப்பது பேர் சேர்ந்து பிழைப்பதற்காகச் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை எடைபோட மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. இவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருது? தங்கள் வேலையைப் பற்றி எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? செய்ததை யார் கண்ணுக்குக் காட்டுகிறார்கள்?

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை இந்தக் கேள்விகளோடு அணுகிப் பார்க்கிறேன். நான் நிற்கும் இடம் தருமபுரி. சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. ஆக, மாவட்டத்துக்கும் ஓவியர் கிராமத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நடுவில் சுமார் 300 கிலோமீட்டர். இந்த அறுபது வருடத்தில் அந்தத் தூரம் குறைந்ததா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கு. நண்பர்கள் சிலர் இங்கே ஒரு கலைஞர் சங்கம் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பள்ளி ஓவிய ஆசிரியர். ஒருவர் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிறார், அவருடைய அப்பா சைன்போர்டு எழுதியவர். இன்னொருவர் பெங்களூரில் வீட்டு உள் அலங்கார வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியவர். முதல் சண்டை பெயரிலேயே வந்தது. "மச்சான், 'இன்டர்நேஷனல்'னு போட்டாத்தான்டா திரும்பியே பாப்பாங்க" என்றான் ஒருத்தன். ஓவிய ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. அரூர்ல யார் பாப்பாங்க, அதைச் சொல்லு முதல்ல" என்றார். பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விட்டது. அந்தக் கேள்வி போகவில்லை.

*

முதலில் சோறு.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் பின்னாளில் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி ஆனது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அதன் முதல்வராக இருந்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவருக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் வந்தார். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு விஷயம் உறுத்தலாகவே இருந்தது. நல்ல கை உள்ள பையன்கள் வருகிறார்கள், ஐந்தாறு வருடம் படிக்கிறார்கள், வெளியே போனதும் ஓவியம் நின்றுபோகிறது. விளம்பர நிறுவனம், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலை, நெசவாளர் சேவை மையம் என்று சிதறிப் போகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தூரிகை பிடிக்கத் தெம்பு இருக்காது.

இதற்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி எளிமையானது. கலைஞர் கைவினைச் சங்கம் என்று ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் செய்தார்கள். துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்குகிற வேலை அது. மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது. மெழுகு விரிசல் விட்ட இடத்தில் நரம்பு நரம்பாக இறங்கும். துணியாக விற்கலாம், சுவரில் மாட்டுகிற பொருளாகவும் விற்கலாம். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் மணல் நிலம் வாங்கினார்கள். சவுக்குத் தோப்பும் மீனவர் குப்பமும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. சுமார் பத்து ஏக்கர். முப்பது பேருக்கு மேல் கலைஞர்கள். பாத்திக்கோடு பீங்கான், தோல், உலோக வேலை எல்லாம் சேர்ந்துகொண்டது. நாளில் ஒரு பங்கு நேரம் கைவினை, மீதி நேரம் அவரவர் ஓவியம், சிற்பம். விற்ற பணத்தில் ஒரு பகுதி பொதுவுக்குப் போகும்.

சும்மா சொல்லக்கூடாது, இது பெரிய காரியம். அரசாங்கம் கொடுத்த இடம் கிடையாது. ஜமீன்தாரோ மில் முதலாளியோ போட்ட பணமும் கிடையாது. ஓவியன் என்றால் கைவினைக்கு ஒரு படி மேலே என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, மெழுகுச் சட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்களில் பலருடைய நல்ல படைப்புகள் அந்த மெழுகுச் சட்டியின் சூட்டில்தான் வெந்தன என்று நான் நினைக்கிறேன். பி.வி. ஜானகிராமின் செப்புத் தகடு அடித்த சிற்பங்களைப் பார்த்தால் கோயிலில் சாமிக்குச் சாத்துகிற கவசம் ஞாபகத்துக்கு வரும். எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் செய்தவை வாகனம் மாதிரியும் திருவாசி மாதிரியும் எழுந்து நிற்கும். கையால் பொருள் செய்து விற்றுப் பிழைத்த ஒரு கூட்டத்தில் இருந்துதான் இப்படிப்பட்ட சிற்பம் வரமுடியும். சோற்றுக்காகச் செய்தது ஒரு பக்கம், கலைக்காகச் செய்தது ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது.

முதல் கேள்விக்குச் சோழமண்டலம் சொன்ன பதிலைவிட நல்ல பதிலை இந்த நாட்டில் வேறு கலைஞர் கூட்டம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பின்னாளில் படங்கள் விலைபோகத் தொடங்கியதும் பாத்திக் பின்னுக்குப் போனது. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். ஏணியில் ஏறியவன் ஏணியைத் தலையில் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை.

*

இரண்டாவது, மொழி. இங்கேதான் எனக்கு மூச்சு முட்டுகிறது.

முற்போக்கு ஓவியர் சங்கம் 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற இதழைத் தொடங்கியது. ஓவியர்களே நடத்திய இதழ், இந்தியாவில் அந்தக் காலத்தில் அபூர்வம். விமர்சகர் ஜோசப் ஜேம்ஸ் இந்த வட்டத்தோடு கடைசிவரை நின்று, சென்னைச் சிற்பிகளைப் பற்றியும் சோழமண்டலத்தைப் பற்றியும் முக்கியமான நூல்களைக் கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கிலம். காரணம் புரியாமல் இல்லை. பணிக்கர் மலையாளி. சுல்தான் அலி பம்பாயில் பிறந்தவர். வாசுதேவ் கன்னடத்துக்காரர். தெலுங்கு பேசுகிறவர்களும் இருந்தார்கள். தெற்கு முழுக்க ஒரே மணலில் கூடியிருந்தபோது பொது மொழியாக ஆங்கிலம்தான் இருந்திருக்கும். டெல்லிக்கும் பம்பாய்க்கும் எழுதிக் காட்டவும் அதுதான் உதவும்.

ஆனால் இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பணிக்கர் 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படிக்கமுடியாத கிறுக்கலெழுத்து எல்லாம் படத்துக்குள் வந்தன. நம் வீட்டுப் பரணில் இருக்கும் ஓலையும் ஜாதக நோட்டும் நவீன ஓவியம் ஆனது. அந்த ஓவியத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஜாதக நோட்டு இருந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. எழுத்து வடிவத்தை எடுத்துக்கொண்டவர்கள் அந்த எழுத்தில் எதையும் எழுதவில்லை என்று சொன்னால் கொஞ்சம் கடுமையாக இருக்கும். பொய்யாக இருக்காது.

தமிழில் அந்தப் பேச்சை யார் நடத்தினார்கள்? சிறுபத்திரிகைக்காரர்கள். கே.எம். ஆதிமூலம் அதே கல்லூரியில் படித்தவர், திருச்சிப் பக்கம் துறையூரை அடுத்த கீராம்பூர்க்காரர், நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் எழுத்தாளர்களோடு பழகினார். சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் அட்டை வரைந்தார், தலைப்பெழுத்து எழுதிக் கொடுத்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்கு அவர் போட்ட கோட்டுச் சித்திரங்கள், ஓவியக் கூடத்தின் வாசலை மிதித்தே பார்க்காத ஆயிரக்கணக்கான பேரைச் சேர்ந்தன. சலூனில், டீக்கடையில், பஸ்ஸில். ட்ராட்ஸ்கி மருதுவின் கோடுகளும் அப்படித்தான் வந்தன. தருமபுரியில் வளர்ந்த எனக்கு நவீன ஓவியம் என்பது முதலில் புத்தக அட்டைதான். என் வயசுக்காரர்கள் பலருக்கும் இதே கதையாகத்தான் இருக்கும். பத்து ரூபாய் கொடுத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவலின் மேல் ஆதிமூலம் இருந்தார். அதற்கு டிக்கெட் கிடையாது, திறப்பு விழா கிடையாது, குத்துவிளக்கு கிடையாது.

சோழமண்டலத்தில் வாழ்ந்த கே. ராமானுஜம் விஷயத்திலும் இதுவே நடந்தது. பேனா மையில் கனவு மாளிகைகளையும் பறக்கும் உருவங்களையும் தொப்பி போட்ட தன்னையும் விடாமல் வரைந்துகொண்டிருந்தவர். 1973இல், முப்பத்துச் சொச்சம் வயதில், அந்தக் கிராமத்திலேயே தன் வாழ்வை முடித்துக்கொண்டார். ஒரு சங்கம் கூரை கொடுக்கும், தட்டில் சோறு போடும். ஒரு மனுஷனின் தனிமையை அதனால் முழுசாக வாங்கிக்கொள்ள முடியாது. இதைச் சொல்வது யாரையும் குற்றம் சாட்ட அல்ல. சங்கம் என்ற ஏற்பாட்டின் எல்லை அது. ஆனால் ராமானுஜத்தை எனக்குத் தெரியவைத்தது எது? சி. மோகன் எழுதிய 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்ற தமிழ் நாவல். நாவலைப் படித்து முடித்த பிறகுதான் அவர் படங்களைத் தேடினேன். தமிழில் ஓவியனுக்கு வாசகர்கள் முதலிலும் பார்வையாளர்கள் பிறகும் கிடைக்கிறார்கள். இந்த வரிசையைப் புரிந்துகொள்ளாமல் இங்கே ஒரு கலைஞர் சங்கம் நடத்தமுடியாது.

*

மூன்றாவது, யார் கண்ணுக்கு.

இதற்குப் பதில் தேட நான் தருமபுரியின் பழைய சிற்பங்களிடம் போகிறேன். ஏனென்றால், கலையைப் பொதுவில் நிறுத்துவது எப்படி என்ற கேள்விக்கு இந்த மண்ணில் ஆயிரத்து ஐந்நூறு வருடம் முன்பே ஒரு பதில் இருந்திருக்கு.

தருமபுரி, கிருஷ்ணகிரி, பக்கத்திலுள்ள செங்கம் பகுதி எல்லாம் நடுகல் நாடு. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன், ஊரைக் காத்தவன் என்று ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கல். வில்லும் வாளும் பிடித்த உருவம், சிலவற்றில் உடம்பில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்து. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், தலைவன் பெயர், செத்தவன் பெயர், என்ன செய்து செத்தான் என்பது. செங்கம் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கு. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது நாயின் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துத் தன் ஆளின் பக்கத்திலேயே நின்றதை எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லவ அரசனின் பெயர் இருக்கும் அதே கல்லில் ஒரு நாயின் பெயர்!

இந்தக் கல்லை ஊர் எப்படிப் பார்த்தது என்பது இன்னும் சுவாரசியம். தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. இதில் 'காட்சி' முதலில் வருவதைக் கவனியுங்கள். நம் கண்காட்சியில் காட்சி கடைசியில் வருகிறது. எல்லா வேலையும் தனியறையில் முடிந்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டி, பிறகு "வந்து பாருங்க" என்று அழைப்பிதழ் அனுப்புகிறோம். நடுகல்லில் ஊர்க்காரனின் கண் முதல் நாளே, கல்லைத் தேடும்போதே, வேலைக்குள் வந்துவிடுகிறது. பிறகு நீராட்டவும் நடவும் படைக்கவும் அவன் கை வேண்டும். பார்வையாளன் என்று தனியாக ஒருத்தன் அங்கே இல்லை.

அதியமான் நெடுமான் அஞ்சி தகடூர்க்காரன். தகடூர் இன்றைய தருமபுரி. அவனுக்கு நட்ட கல்லைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைக்கிறார்கள். உயிரோடிருந்தபோது நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவை கேட்கிறாள். ஒரு சிலையின் முன்னால் நின்று, இதற்கும் அந்த மனிதனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற கேள்வி. கலை விமர்சனம் என்று நாம் இன்று சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

அந்தப் பார்வை செத்துப்போகவுமில்லை. தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே நான் போனபோதெல்லாம் அமைதி. ஆனால் அதே மாதிரிக் கல் காட்டோரம், ஏரிக்கரையில் வேடியப்பனாக நிற்கிறது. அங்கே பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள், பிள்ளைக்கு வேடியப்பன் என்று பேர் வைக்கிறார்கள். என் வகுப்பில் ரெண்டு வேடியப்பன் இருந்தார்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கத் தெரியாமலே போயும், கல்லோடு உறவு அறுந்துபோகவில்லை.

இப்போது சோழமண்டலத்துக்குத் திரும்பலாம். நந்தகோபாலின் சிற்பம் பெரும்பாலும் முன்பக்கம் பார்த்துப் பேசுவது. சுற்றிவந்து பார்க்கும் மேற்கத்தியச் சிலை மாதிரி கிடையாது. எதிரில் நின்று நேராகப் பார்க்கவேண்டும், கும்பிடுகிற மாதிரி. சென்னைச் சிற்பத்தின் இந்த முன்முகத் தன்மையை விமர்சகர்கள் கோயில் மரபோடு சேர்த்துப் பேசுவார்கள். தருமபுரிக்காரன் கண்ணுக்கு அது நடுகல்லின் சொந்தக்காரன். வேடியப்பன் கல்லைப் பார்த்துப் பழகிய ஒருத்திக்கு நந்தகோபாலைப் பார்க்க வகுப்பு எடுக்கவேண்டியதில்லை. சுல்தான் அலியின் படத்தில் வரும் காளைகளும் நாட்டார் தெய்வங்களும் அப்படித்தான்.

இந்த வடிவங்கள் எங்கிருந்து வந்தனவோ அந்த ஊர்களுக்கு அவை காட்டப்படவில்லை என்பதுதான் என் வழக்கு. டெல்லிக்குப் போயின, பம்பாய்க்குப் போயின, பாரிஸுக்குப் போயின. வி. விஸ்வநாதன் 1967 பாரிஸ் பினாலேவில் கலந்துகொண்டு, அடுத்த வருடமே அந்த ஊரில் குடியேறினார். ஈஞ்சம்பாக்கத்தில் வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்தார்கள், பன்னாட்டுச் சிற்பப் பூங்கா உருவானது, 2009இல் தற்காலக் கலைக்கான மையம் திறந்தது. சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்க இன்று அதைவிட நல்ல இடம் இல்லை. பார்க்காதவர்கள் அவசியம் போய்ப் பார்க்கணும். ஆனால் சேலம் வழியாகவோ கிருஷ்ணகிரி வழியாகவோ ஒரு லாரியில் நாலு சிற்பமும் பத்துப் படமும் ஏறி வந்து தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கிய நாள் ஒன்று எங்கள் ஊர் நினைவில் இல்லை. கூத்து இறங்கியிருக்கு, சர்க்கஸ் இறங்கியிருக்கு, நாடகக் கம்பெனி இறங்கியிருக்கு. ஓவியம் இறங்கவில்லை.

*

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பும்கூட. ஓவியன் என்ன ஊர் ஊராகப் போகும் பிரச்சாரகனா? அவன் வேலை வரைவது. வாங்குகிறவன் இருக்கும் இடத்துக்குத்தான் படம் போகும். டெல்லியில் வாங்கினார்கள், அங்கே போனது. பென்னாகரத்தில் யார் வாங்கியிருப்பார்கள்?

ஒத்துக்கொள்கிறேன். இது கடமைப் பிரச்சினை இல்லை. பணிக்கரோ நந்தகோபாலோ எனக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. நான் சொல்வது நஷ்டக் கணக்கு. நஷ்டம் இரண்டு பக்கமும்.

எங்கள் பக்கத்து நஷ்டம் தெரிந்ததே. இங்கே கை நன்றாக ஓடுகிற பையன் ஒரு காலத்தில் சைன்போர்டு எழுதினான், சுவர் விளம்பரம் வரைந்தான், திருவிழாவுக்குத் தட்டி கட்டினான், கூத்துக்காரர்களின் கட்டைகளுக்கு வர்ணம் தீட்டினான். முனியப்பன் கோயிலுக்கு ஆளுயரத்துக்கு மேல் முழி பிதுங்கும் சுதைச் சிலை செய்தான். ஃப்ளெக்ஸ் வந்து இதில் பாதியை வாங்கிக்கொண்டது. அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கு. இங்கிருந்து போய்ப் படித்தவன் திரும்பி வந்தால் என்ன செய்வான்? நல்ல கை உள்ள பையன்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய், யாரோ ஒருத்தர் வரவேற்பறையில் ஜிப்சம் பூ ஒட்டுகிறார்கள். பணிக்கருக்கு 1957இல் உறுத்திய அதே பிரச்சினை இங்கே இன்னும் அப்படியே கிடக்கு.

அந்தப் பக்கத்து நஷ்டம் கொஞ்சம் யோசித்தால்தான் தெரியும். பார்க்கிற கண்கள் பெருகாததால் தமிழில் ஓவியத்துக்குச் சொற்கள் பெருகவில்லை. ஒரு கவிதை பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று நம்மால் ரெண்டு மணி நேரம் சண்டை போட முடியும். ஓவியத்தின் முன்னால் "நல்லா இருக்குங்க" என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. திட்டக்கூடத் தெரியாது. திட்டு வாங்காத கலை தேங்கிப்போகும். டெல்லிக் காட்சிக்கூடத்தின் பாராட்டு அந்தக் குறையை ஈடுகட்டாது. இந்த வடிவத்தின் மூலத்தைத் தெரிந்தவன் கேட்கும் கேள்வி, "எங்க வேடியப்பனுக்கு இப்படியா கண்ணு இருக்கும்?" என்கிற கேள்வி, அங்கே எழாது. அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சென்னைச் சிற்பம் இன்னும் கொஞ்சம் திமிறியிருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இன்னொரு கேள்வியையும் தள்ளிவிட்டுப் போக முடியாது. சோழமண்டலத்தின் தொடக்கத்தில் அனிலா ஜேக்கப், அர்னவாஸ் போன்ற பெண்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கிராமத்தின் கதை என்று நமக்குச் சொல்லப்படுவதில் அவர்கள் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. நாம் தொடங்கப்போகும் சங்கம் பற்றிய பேச்சில் இதுவரை ஒரு பெண்கூட இல்லை. இவ்வளவுக்கும் மார்கழியில் ஊர் முழுக்கப் பொது இடத்தில் வரைகிறவர்கள் பெண்கள்தான். 'கண்காட்சி' என்றதும் அவர்கள் ஏன் நம் நினைவுக்கு வருவதில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

*

கேரளத்தில் 2012 டிசம்பர் 12ஆம் தேதி கொச்சி முசிறிஸ் பினாலே தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு மலையாளி ஓவியர்கள் முன்னின்று, மாநில அரசின் துணையோடு நடத்தினார்கள். உலகம் முழுவதிலிருந்தும் கலைஞர்கள் வந்தார்கள். ஆனால் அது நடந்தது பழைய மிளகுக் கிடங்குகளில், ஃபோர்ட் கொச்சியின் தெருச் சுவர்களில். ஆட்டோக்காரர் வழி சொல்லும்போதே அபிப்பிராயமும் சொல்லிவிடுவார். பன்னாட்டுத் தன்மை என்பது பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளும் பட்டம் இல்லை என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். உள்ளூர்க்காரன் வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற இடத்துக்கு வெளியூர்க்காரன் வந்தால் அது பன்னாட்டுக் கண்காட்சி. வெளியூர்க்காரன் மட்டும் வந்துபோனால் அது சுற்றுலா.

கொச்சி அளவுக்குப் போகவேண்டாம். மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் 'மணல்வீடு' சிற்றிதழ்க்காரர்கள் கூத்துக் கலைஞர்களைக் கூட்டி விடிய விடிய நிகழ்த்த வைக்கிறார்கள். பத்திரிகையும் கலையும் ஊர்சனமும் ஒரே களத்தில் சேர்கிற ஏற்பாடு அது. எங்களுக்கு ரொம்பப் பக்கத்திலேயே நடக்குது.

ஆகவே சோழமண்டலத்திடமிருந்து தருமபுரிக்கு எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டால், அதன் பாத்திக்கை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். பாத்திக்தான் என்று இல்லை. உறுப்பினர்கள் கையால் செய்து விற்கக்கூடிய ஏதோ ஒரு பொருள், அதில் ஒரு பங்கு பொதுப் பணம். இது இல்லாமல் தொடங்கும் சங்கம் மூன்றாவது மாதம் வாட்ஸ்அப் குழுவாக மாறி, ஆறாவது மாதம் குட்மார்னிங் படத்தோடு நின்றுபோகும். அடுத்ததாக ஒரு பத்திரிகை, தமிழில், ஓவியத்தைத் திட்டவும் இடம் கொடுக்கிற பத்திரிகை. அச்சில் முடியாவிட்டால் இணையத்தில்.

சோழமண்டலத்திடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாதது, காட்டுகிற வரிசை. முதலில் டெல்லி, பிறகு பாரிஸ், அப்புறம் நேரமிருந்தால் அரூர் என்ற வரிசை. அதைத் தலைகீழாக்கவேண்டும். தருமபுரியில் இப்போது புத்தகத் திருவிழா நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வருகிறார்கள். அங்கே ஒரு பந்தல் போதும். அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் இராமாயண, மகாபாரத ஓவியங்கள் இருக்கின்றன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அந்த ஓவியங்களைப் பார்த்து இங்கிருக்கும் பத்துப் பேர் வரைந்து, அதைக் கண்மட்டத்துக்கு இறக்கிக் காட்டினால் அது ஒரு நல்ல முதல் கண்காட்சி. நடுகற்களை மையில் படியெடுத்து, பக்கத்தில் வட்டெழுத்தை இன்றைய எழுத்தில் எழுதி வைத்தால் அது இன்னொன்று. "இது எங்க ஏரிக்கரையில நிக்குற கல்லுங்க" என்று ஒரு கிழவி வந்து சொன்னால், சங்கத்தின் முதல் விமர்சகர் கிடைத்துவிட்டார் என்று அர்த்தம்.

நடுகல்லில் செத்தவன் பெயர் இருக்கிறது, நாயின் பெயர்கூட இருக்கிறது, செதுக்கியவன் பெயர் இல்லை. சோழமண்டலத்தில் செய்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. செய்தவர் பெயர் இருக்கத்தான் வேண்டும், கையெழுத்துப் போடாத வேலைக்கு இன்றைக்குக் கூலிகூடச் சரியாக வராது. ஆனால் படத்தின் கீழே போடும் அட்டையில் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு என்று எழுதுகிறோமே, அதோடு இது எந்த ஊரில், யாருக்கு முதலில் காட்டப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? அந்த வரியில் பென்னாகரம் என்றோ பாப்பாரப்பட்டி என்றோ எழுதியிருக்கும் ஒரு படம் பிறகு பாரிஸுக்குப் போகட்டும். தாராளமாகப் போகட்டும்.